சீட்டில்லாமல் கொடுத்தேன்

மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு மாத்திரை விற்றிருக்கிறேன். தெரியாமல் செய்த காரியமில்லை. நான் மருந்தியல் படித்தவன். கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய உரிமம் என் பெயரில்தான் இருந்தது. பிரெட்னிசோலோன் ‘எச்’ அட்டவணையில் வரும் மருந்து, மருத்துவர் எழுதித் தந்தாலொழியக் கொடுக்கக் கூடாது என்று அட்டையின் பின்புறத்திலேயே அச்சிட்டிருக்கும். அந்த அட்டையைக் கத்தரித்து ஐந்தைந்தாகக் காகித உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இதைவிடப் பெரிய தப்பும் ஒன்று செய்தேன். அந்த மாத்திரையால் ஒருவருக்கு வந்த சோர்வைப் பார்த்துவிட்டு, ‘அட்ரினலுக்கு வலு கொடுக்கும்’ என்று சொல்லி அவருக்கே சத்து மாத்திரையும் விற்றேன்.

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். பேருந்து நிலையத்துக்கு எதிரே என் மெடிக்கல். சுற்றிலும் புதிய கடைகள் வந்து, இருபது சதவீதம் தள்ளுபடி என்று போர்டு மாட்டியதும், சர்க்கரை மாத்திரையிலும் பிரஷர் மாத்திரையிலும் கையில் ஒன்றும் நிற்காமல் போயிற்று. சத்து மாத்திரையில் அப்படியில்லை. ஒரு டப்பாவில் கிடைக்கும் லாபம் அட்டை அட்டையாக மற்ற மருந்து விற்றாலும் கிடைக்காது. மருந்து கம்பெனி ரெப் ஒருவர் வழுவழுப்பான தாளில் ஒரு கையேடு கொண்டுவந்து கொடுத்தார். அட்ரினல், தைராய்டு, கல்லீரல் என்று மூன்று படம். ஒவ்வொன்றின் கீழேயும் அதற்கு வேண்டிய சத்துகளின் பெயர். அந்தக் கையேட்டை மனப்பாடம் செய்துகொண்டேன்.

‘அசதியா இருக்கு தம்பி’ என்று கவுன்டருக்கு வராதவர் யார்? எடை கூடிய பெண் வந்தால் தைராய்டு டப்பா. குடிக்கிற ஆண் வந்தால் கல்லீரல் டானிக். இரண்டிலும் சேராதவருக்கு அட்ரினல். இப்படித்தான் ஆட்களைப் பார்வையாலேயே பிரித்தேன். வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள், எத்தனை நாளாக இருக்கிறது, ரத்தம் சோதித்துப் பார்த்தீர்களா என்ற கேள்விகள் என் வாயில் வரவில்லை. கேட்டால் பதில் வரும். வந்தால் ‘டாக்டரைப் பாருங்க’ என்று சொல்ல வேண்டியிருக்கும். விற்பனை நின்றுபோகும்.

அந்தக் கையேட்டில் அப்பட்டமான பொய் குறைவு. எனக்கு அது வசதியாகப் போயிற்று. வைட்டமின் சி-யை ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜி 1928-இல் பிரித்தெடுத்தது மாட்டின் அட்ரினல் சுரப்பியிலிருந்துதான்; 1937-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. உடம்பில் அந்த வைட்டமின் மிகச் செறிவாக இருக்கும் உறுப்புகளில் அட்ரினல் ஒன்று. பி5 என்கிற பேண்டோதெனிக் அமிலம் இல்லாத தீவனம் தின்ற எலிகளுக்கு அட்ரினல் சிதைந்ததும் உண்மை. இவ்வளவையும் வாடிக்கையாளரிடம் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை. பி5 அரிசியிலும் பருப்பிலும் முட்டையிலும் காயிலும் இருப்பதால் மனிதருக்கு அந்தக் குறை வருவதே அபூர்வம். நடுத்தர அளவுள்ள ஒரு கொய்யாப்பழம் ஒரு நாளைக்கு வேண்டிய சி-யைத் தாண்டிக் கொடுத்துவிடும். போதுமான அளவு உள்ள உடம்பில் மேற்கொண்டு எவ்வளவு போட்டாலும் சுரப்பிக்குக் கூடுதல் பலம் வராது, சிறுநீரில் போய்விடும்.

‘அட்ரினல் களைப்பு’ என்ற பெயரையே 1998-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் வில்சன் என்ற மாற்று மருத்துவர்தான் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 2016-இல் பிரேசில் ஆய்வாளர்கள் இருவர் 58 ஆய்வுகளை எடுத்துச் சலித்துப் பார்த்து, அப்படி ஒரு நோய் இருப்பதற்கு ஆதாரமில்லை என்று எழுதினார்கள். அந்தக் கட்டுரையைக் கடையில் உட்கார்ந்தே போனில் படித்தேன். படித்த பிறகும் டப்பாவை அலமாரியிலிருந்து எடுக்கவில்லை.

தைராய்டு விஷயத்தில் நான் செய்தது வேறு வகை. ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் தைராக்ஸின் மாத்திரை வாங்க மாதாமாதம் வருவார். இரும்புச் சத்தும் கால்சியமும் வேண்டும் என்று நான்தான் சேர்த்துக் கொடுத்தேன். ‘எதை எப்பப் போடணும் தம்பி?’ என்று கேட்டார். ‘காலையில டீக்கு முன்னாடி எல்லாத்தையும் சேர்த்துப் போட்டுருங்க டீச்சர், மறக்காது’ என்றேன்.

கல்லூரியில் முதல் பாடமாகச் சொல்லித் தந்த விஷயம் இது. தைராக்ஸினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போட வேண்டும். அதன் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காபி, டீ, சாப்பாடு எதுவும் கூடாது. இரும்பும் கால்சியமும் குடலிலேயே அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ரத்தத்தில் ஏற விடாது. அதனால் அவற்றுக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மூன்றையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்தது சோம்பல். வரிசையில் நாலு பேர் நின்றார்கள், விளக்க எனக்குப் பொறுமையில்லை. தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறுகிற டி.எஸ்.எச். டீச்சருக்கு இறங்கவேயில்லை. மருத்துவர் 50 மைக்ரோகிராமை 75 ஆக்கினார், பிறகு 100 ஆக்கினார். அதையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

தைராய்டு கட்டுக்குள் வராததால் அவருக்கு முடி கொட்டியது. அதற்கு நான் கொடுத்தது 10 மில்லிகிராம் பயோட்டின். ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டிய பயோட்டின் 30, 40 மைக்ரோகிராம். நான் கொடுத்தது அதைப்போல இருநூற்றைம்பது மடங்காவது இருக்கும். பயோட்டின் பெரிய அளவில் போனால் உடம்பைவிட ரத்தப் பரிசோதனையைத்தான் கெடுக்கும். பல ஆய்வகங்களில் தைராய்டு அளவைக் கணக்கிடும் முறையே பயோட்டினைப் பயன்படுத்தித்தான் நடக்கிறது. ரத்தத்தில் அது மிதந்தால் டி.எஸ்.எச்.-ஐ உண்மையைவிடக் குறைவாகவும், தைராக்ஸினை உண்மையைவிட அதிகமாகவும் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இலேயே இதைப் பற்றி எச்சரித்திருந்தது. டீச்சரின் அடுத்த அறிக்கை தைராய்டு மிகையாகிவிட்டதுபோல வந்தது. மாத்திரை அளவைக் குறைத்தார்கள். அந்த அம்மாவோ முகம் ஊதி, தோல் வறண்டு, மாடிப்படி ஏற முடியாமல் இருந்தார். அறிக்கைக்கும் ஆளுக்கும் பொருந்தவில்லை என்று ஒரு இளம் மருத்துவருக்குச் சந்தேகம் வந்தது. ‘வேற என்னென்ன போடுறீங்க, பையோட கொண்டுவாங்க’ என்று கேட்டு, எல்லாவற்றையும் மேசையில் கொட்டிப் பார்த்து, பயோட்டினை நிறுத்திவிட்டு மறுபடி சோதிக்கச் சொன்னார். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. டீச்சர் என்னைக் கோபிக்கவில்லை. ‘உங்களுக்கும் தெரியாமப் போச்சு, பாவம்’ என்றார். எனக்குத் தெரியும் என்று அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை.

அயோடினும் செலினியமும் தைராய்டுக்கு வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. 1956 தொடங்கி காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமியும் அவருடன் இருந்தவர்களும் உப்பில் அயோடின் கலந்து கொடுத்து, பள்ளிப் பிள்ளைகளின் கழுத்துக் கழலை குறைவதை நிறுவிக் காட்டினார்கள். 1962-இல் நாட்டில் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. அயோடின் கலக்காத உப்பை உணவுக்கென விற்பதற்கு 2006 முதல் மறுபடி தடை இருக்கிறது. ஒரு நாளைக்குப் பெரியவர் ஒருவருக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். பாக்கெட் உப்பிலேயே அது கிடைத்துவிடும். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பு விளைகிற மாநிலத்தில், ‘வீட்டுல என்ன உப்பு போடுறீங்க?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். இந்துப்புக்கும் அயோடின் இல்லாத கல் உப்புக்கும் மாறியவர்களை அப்போதே கண்டுபிடித்துத் திருப்பியிருக்கலாம். நான் கடற்பாசி மாத்திரை விற்றேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிற ஹாஷிமோட்டோ நோய் உள்ளவர்களுக்கு அயோடின் மிகையானால் சுரப்பு மேலும் படுத்துவிடும். நம்மிடையே தைராய்டு குறைந்து வருகிறவர்களில் பெரும்பகுதி அந்த நோய்க்காரர்கள்தான். செலினியமும் அப்படியே. நாளுக்கு 55 மைக்ரோகிராம் போதும், 400-ஐத் தாண்டக் கூடாது. 2008-இல் அமெரிக்காவில் தவறாகத் தயாரித்த ஒரு சத்துத் திரவத்தில் ஒரு வேளைக்கு 40,800 மைக்ரோகிராம் இருந்தது. இருநூறு பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் பலருக்கு முடி கொட்டியது, நகம் நிறம் மாறிச் சிதைந்தது. முடி கொட்டாமல் இருக்க என்று சொல்லி நான் விற்ற டப்பாவிலும் செலினியம் இருந்தது.

கல்லீரலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே நான் விற்றது தைரியம். ‘குடிக்கிறத விட முடியலண்ணே’ என்றவர்களிடம் டானிக்கை நீட்டி, ‘இதையும் சேர்த்துக் குடிங்க, ஈரலைக் காப்பாத்தும்’ என்றிருக்கிறேன். அவர்கள் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டார்கள். கீழாநெல்லி மாத்திரை விற்கும்போது 1988-இல் லான்செட் இதழில் வந்த சென்னை ஆய்வைச் சொல்வேன். எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பெற்ற புளும்பெர்க்கும் சேர்ந்து எழுதியது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை என்பதை யாரிடமும் சொன்னதில்லை. கெட்ட தண்ணீரால் வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும் என்பதையும் சொன்னதில்லை. நாட்பட்டுக் குடிப்பவருக்கு உண்மையிலேயே குறைகிற சத்து பி1. அது விலை குறைவு, அதனால் அதைப் பற்றி நான் பேசியதேயில்லை. ஈரல் சுருங்கியவருக்குப் பத்தியம் என்று பருப்பையும் முட்டையையும் நிறுத்தி வைத்திருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும், இரவில் படுக்கும் முன்பும் ஏதாவது சாப்பிட வேண்டும். காசில்லாமல் சொல்லக்கூடிய இந்த வார்த்தையையும் சொல்லாமல் இருந்தேன்.

இனி, தொடக்கத்தில் சொன்ன, மாத்திரையால் சோர்ந்துபோன அந்த அண்ணன். சந்தையில் மூட்டை தூக்குகிறவர். முழங்கால் வலிக்கு ஒரு மருத்துவர் சில நாளுக்கு மட்டும் பிரெட்னிசோலோன் எழுதிக் கொடுத்திருந்தார். வலி மந்திரம் போட்டதுபோல நின்றதால், தீர்ந்ததும் அட்டையின் கிழிந்த ஓரத்தைக் கொண்டுவந்து காட்டி, ‘இந்தச் சின்ன மாத்தரதான் தம்பி’ என்றார். கொடுத்தேன். மறுபடியும் வந்தார், மறுபடியும் கொடுத்தேன். பல மாதம் இப்படிப் போயிற்று. கன்னம் உப்பியது. ‘சதை போட்டிருக்கேன் பாருங்க’ என்று அவர் சந்தோஷப்பட்டார். அது ஸ்டீராய்டு முகம் என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. மருந்து ஆய்வாளர் பக்கத்து ஊர்க் கடைகளைச் சோதிக்கிறார் என்று ஒரு நாள் காதில் விழுந்தது. பயந்துபோய் அவரிடம், ‘போதும்ணே, இன்னையோட நிப்பாட்டிருங்க, நல்லதில்ல’ என்றேன். அவர் நிறுத்திவிட்டார். நான் சொன்னதை அப்படியே கேட்கிறவர்.

பிரெட்னிசோலோனை மாதக்கணக்கில் வெளியிலிருந்து கொடுத்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, அட்ரினலில் சுரக்கும் கார்ட்டிசால் உடம்பில் நிறைய இருக்கிறது என்று எண்ணி அட்ரினலுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். கட்டளை வராத அட்ரினல் சுருங்கும். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தால்தான் அது விழித்துக்கொள்ளும். அதற்குப் பல மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடமும் தாண்டும். திடீரென்று நிறுத்தினால் உடம்பில் கார்ட்டிசால் போதாமல் போய்விடும். ரத்த அழுத்தத்தைத் தாங்குவதும், காய்ச்சலையும் காயத்தையும் எதிர்கொள்வதும் அந்தச் சுரப்பு. 1855-இல் லண்டனில் தாமஸ் அடிசன் விவரித்த நோயில் அட்ரினலே அழிந்துபோகும். அன்று அதற்குப் பெரிய காரணம் காசநோய். இந்த அண்ணனின் சுரப்பியை எந்தக் கிருமியும் அழிக்கவில்லை. என் கவுன்டரிலிருந்து போன மாத்திரை அதை உறங்க வைத்தது.

சில வாரத்தில் அவர் திரும்பி வந்தார். எழுந்தால் தலை சுற்றுகிறது, வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை, குமட்டுகிறது, மூட்டையைத் தொடவே முடியவில்லை என்றார். பாடப் புத்தகத்தில் உள்ளது உள்ளபடி அப்படியே என் எதிரில் நின்றது. எனக்கு அது தோன்றியது. தோன்றியதை ஒதுக்கித் தள்ளினேன். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் ‘இவ்வளவு நாள் யார் கொடுத்தது?’ என்று கேட்பார்கள். ‘அட்ரினல் களைச்சுப் போயிருக்குண்ணே, இதைப் போடுங்க, சரியாயிரும்’ என்று வைட்டமின் சி, பி5, துத்தநாகம், அமுக்கரா எல்லாம் சேர்ந்த டப்பாவை எடுத்து வைத்தேன். அவருடைய இரண்டு நாள் கூலி அது. அமுக்கராவால் அபூர்வமாகச் சிலருக்கு ஈரல் பாதித்ததை ஐஸ்லாந்து மருத்துவர்கள் 2020-இல் எழுதியிருக்கிறார்கள், டென்மார்க் 2023-இல் அமுக்கராவைத் தடையே செய்துவிட்டது. ஆனால் அந்த டப்பாவில் நஞ்சே இல்லாதிருந்தாலும் என் குற்றம் குறையாது. அவருக்கு வேண்டியிருந்தது கார்ட்டிசால். உலகத்தில் உள்ள எந்த வைட்டமினும் அதன் இடத்தை நிரப்பாது. மருத்துவரிடம் போக வேண்டிய நாட்களை அந்த டப்பா தின்றது.

சாதாரணக் காய்ச்சல்தான் வந்தது. வாந்தியெடுத்து, சந்தைக்குப் போகும் வழியில் விழுந்துவிட்டார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரத்த அழுத்தம் பாதாளத்தில் இருந்தது. பணியிலிருந்த மருத்துவர் அவருடைய முகத்தைப் பார்த்தார், தோலில் இருந்த ரத்தக்கட்டுகளைப் பார்த்தார், மனைவியிடம் ‘சின்ன மாத்திரை ஏதாவது போட்டாரா?’ என்று கேட்டார். 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் சலைனும் ஏறிய சில மணி நேரத்தில் கண் திறந்தார். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டபோது அவர் என் கடைப் பெயரைச் சொல்லவில்லை.

வீடு திரும்பியதும் நேராகக் கடைக்கு வந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று சொல்வதற்கு வந்திருக்கிறார். ‘எனக்கு எது நல்லதுன்னு பார்த்துத்தான தம்பி குடுத்தீங்க’ என்றார். அந்த நம்பிக்கைக்கு முன்னால் நிற்க முடியவில்லை. ஆனாலும் அன்றைக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். வெகு நாள் கழித்து அவருடைய வீட்டுக்குப் போய், நிறுத்தச் சொன்னது தப்பு, அதற்கு முன்னால் கொடுத்தது அதைவிடத் தப்பு, டப்பாவை விற்றது எல்லாவற்றிலும் பெரிய தப்பு, மூன்றும் தெரிந்தே செய்தேன் என்று சொன்னேன். அவர் பேசாமல் இருந்தார். அவருடைய மனைவி உள்ளே எழுந்து போனார். இன்றுவரை அந்த அக்கா என்னிடம் பேசவில்லை. அவர் செய்வது சரி. அதன் பிறகுதான் டீச்சரிடமும் போய்ச் சொன்னேன்.

அண்ணன் இப்போது மூட்டை தூக்குவதில்லை. மருத்துவர் குறைத்துக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டை இன்னும் போடுகிறார். காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும் என்று எழுதிய அட்டை அவருடைய சட்டைப் பையில் இருக்கிறது. நான் கடையை நடத்துகிறேன். மூன்று டப்பாக்களும் அலமாரியில் இல்லை. சீட்டில்லாமல் சின்ன மாத்திரை கேட்டு வருகிறவர்களை அனுப்பிவிடுகிறேன். அவர்களில் சிலர் நாலு கடை தள்ளி வாங்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறேன். அவர்களை நிறுத்தி வைத்துப் பேச இன்னும் நான் முழுதாகக் கற்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களில், மூட்டு வலிக்கோ இளைப்புக்கோ உடம்பு தேறவோ பெயர் தெரியாத சின்ன மாத்திரையோ பொடியோ மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் இருக்கக்கூடும். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: பயந்துபோய் இன்றைக்கே அதை நிறுத்திவிடாதீர்கள். அட்டையையும், கூடவே போடும் எல்லா மாத்திரைகளையும், சத்து மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டுக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போய் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார். அதை மெடிக்கல்காரர் சொல்லக் கூடாது.